தலைக்கட்டில் வராதவள்

பிரம்மநாயகத்துக்கு நாற்பது வயது முடிந்த அன்று மனைவி பேராச்சி பாயசம் வைத்தாள். தாராவியில் வளர்ந்த ஆம்பிளைக்கு யாரும் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் நாற்பதைப் பார்த்த முதல் ஆண்பிள்ளை அவர்தான். தாத்தா ஊரில் வரப்பில் நடந்துகொண்டிருந்தவர் அப்படியே விழுந்து போனார். அப்பா தொண்ணூறடி ரோட்டில் மாவு மூட்டையை இறக்கிவிட்டு, தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அண்ணன் தமிழ்செல்வனுக்கு முப்பத்தெட்டு. எல்லோருக்கும் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துத்தான் சாவு. அதனால் பேராச்சி முந்திரியைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டாள். பரீட்சையில் பாஸான பையனைப் பார்ப்பதுபோல, அவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பாஸ் என்னவோ பாஸ்தான். ஆனால் அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் அவரைத் தேதி முடிந்த சரக்கைப் பார்ப்பதுபோல் பார்க்க ஆரம்பித்தார்கள். "ஒடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்கிற குரலிலேயே, இன்னுமா இருக்கிறாய் என்கிற ஆச்சரியம் ஒட்டிக்கொண்டிருக்கும். அவருக்கு இருபத்தைந்து வயதிலேயே பிரஷர் வந்துவிட்டது. எத்தனையோ டாக்டர், எத்தனையோ மாத்திரை. அது இறங்குவேனா என்றது. உப்பை நிறுத்தினார். அப்போதும் இறங்கவில்லை. ஊருக்கெல்லாம் காராச்சேவு போட்டுக் கொடுக்கிற மனுஷன் தன் வீட்டில் உப்பில்லாத கஞ்சி குடித்தார். இதைவிடக் கொடுமை உண்டா?

காராச்சேவுதான் அவர்களுக்குத் தொழில். பட்டறைக்குக் கார்கானா என்று பெயர், பெரிதாக நினைக்க வேண்டாம். கீழே ஓர் அறையில் இரண்டு அடுப்பு, மாவு மூட்டை, எண்ணெய் டின். மேலே இரும்பு ஏணியில் ஏறிப் போனால் குடும்பம். விடியுமுன் எண்ணெய் காய ஆரம்பிக்கும். வேலையாள் தௌஃபீக் கடலைமாவும் அரிசிமாவும் கலந்து பிசைந்து கொடுப்பான். பிரம்மநாயகம் ஓட்டை போட்ட சேவுக்கரண்டியைச் சட்டிக்கு மேலே பிடித்து மாவை உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பார். நூல் நூலாக எண்ணெயில் இறங்கும். மாவில் உப்பு சரியா என்று நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலை மட்டும் பேராச்சிக்கு. மழைக்காலத்தில் காற்றுப் பட்டாலே சேவு நமுத்துவிடும் என்பதால், அந்த மாதங்களில் பொரித்த கையோடு பாக்கெட்டில் அடைத்து ஒட்டவேண்டும். செம்பூர் வரைக்கும் கடைகளுக்குப் போகிற சரக்கு.

அவர்களுக்கு ஒரே மகள், மாரீஸ்வரி. செம்பூரில் கண் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்காருகிறாள். அவள் பிறந்தபோது பொம்பளைப் பிள்ளை என்று கேட்டதும் பிரம்மநாயகம் கையெடுத்துக் கும்பிட்டார். தலை வெடிக்கிற அந்தச் சாவு ஆம்பிளைகளை மட்டும் கொல்கிற சாமிக்குத்தம் என்பது குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். பையனே வேண்டாம், இது என்னோடு முடியட்டும் என்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அந்தக் கணக்கில்தான். செத்துப்போன அக்கா இசக்கியம்மாளின் மகன் மகேஷ்குமார், விக்ரோலியில் இருக்கிறான், ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. முறைக்கு முறையும் ஆச்சு, அவன் அப்பா வழிச் சாமி வேறு என்பதால் குத்தமும் தொடராது. "பையன் நம்ம பையன், குடும்பம் வேற குடும்பம். இதுக்கு மேல என்ன வேணும்?" என்று பேராச்சியிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போவார். ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தாயிற்று.

ஆடி மாத மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், சேவு தேய்த்துக்கொண்டிருந்தவரின் கால்கள் மடங்கின. கொதிக்கிற சட்டிமேல் விழாமல் தௌஃபீக் இடுப்போடு சேர்த்துப் பிடித்துவிட்டான். "சேட்! க்யா ஹுவா சேட்?" என்று கத்திக்கொண்டே காலாலேயே கேஸை அணைத்தான். ஏணியில் இறங்கி வந்த பேராச்சிக்கு, அந்தச் சாவு வந்துவிட்டது என்றுதான் தோன்றியது. பயந்து பயந்து இத்தனை வருஷம் ஒத்திகை பார்த்த விஷயம்தானே.

"தல வலிக்கா? ஏங்க, தல வலிக்கான்னு கேக்கேன்!"

"தலைக்கு ஒண்ணுமில்ல பிள்ள. காலுதான் எங்கிட்ட இல்ல. துணி மாதிரி கெடக்கு."

பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு பொட்டாசியம் அடிமட்டத்தில் இருக்கிறது என்றார்கள். பாட்டில் ஏற்றினார்கள். மறுநாள் கால் தரையில் ஊன்றியது. வீட்டுக்குப் போகலாமா என்று அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது ஹார்மோன் டாக்டர் பார்க்க வேண்டும் என்று நிறுத்தி வைத்தார்கள்.

டாக்டர் ஷ்யாமளா மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அவருடைய தமிழைப் பிரம்மநாயகம் கோயில் பிரசாதம் மாதிரி கொஞ்சம் குனிந்தே வாங்கிக்கொண்டார்.

"உக்காருங்கோ. உங்களுக்கு எத்தனை வருஷமா பிபி? இருபத்தஞ்சுலேர்ந்தா? சரி, உங்க குடும்பத்துல எத்தனை பேர்?"

"நாங்க ஏழு தலைக்கட்டும்மா."

"அப்படின்னா?"

பேராச்சி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "ஊர்ல சாமிக்குக் கொடை குடுப்போம்லாம்மா, அதுக்கு வரி பிரிப்பாவ. கல்யாணம் ஆன ஆம்பளைக்கு ஒரு தலைக்கட்டு. பெரியப்பா மக்க, சித்தப்பா மக்க எல்லாம் சேத்து இப்ப ஏழு. முன்ன பதினொண்ணு இருந்துச்சு."

"மத்தவா?"

"செத்துட்டாவம்மா. எல்லாம் தல வெடிச்சு." அப்பா, அண்ணன், பெரியப்பா மகன் என்று ஒவ்வொருவராகச் சொன்னாள்.

"எல்லாரும் ஆம்பிளைகளா இருக்காளே. பெண்கள்?"

"பொம்பளையாளுக்கு ஒண்ணும் வராதும்மா," என்றார் பிரம்மநாயகம். "இது ஆம்பளையத்தான் புடிக்கும்."

"யார் சொன்னா? உங்க கூடப் பொறந்த அக்கா, தங்கை இருக்காளா?"

"ஒரு அக்கா. இசக்கியம்மாள்னு பேரு. அவ இல்ல."

"இல்லைன்னா?"

"பாத்ரூம்ல பாசில வழுக்கி விழுந்துட்டா. தல அடிபட்டு அங்கனயே போயிட்டா. அது ஆச்சு பத்துப் பதினோரு வருசம்."

"அப்போ என்ன வயசு?"

"முப்பத்தஞ்சுகூட இருக்காது."

"தலைவலி உண்டா அவாளுக்கு?"

பிரம்மநாயகம் யோசித்தார். பேராச்சி யோசிக்கவில்லை. "மதினி தலைவலிக்காரிதாம்மா. தலையில துண்ட இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் வேலையே பாப்பா. நாங்ககூட கேலி பண்ணுவோம்."

"பிபி யாராவது பாத்தாளா?"

"அவளுக்கு எதுக்கும்மா பாக்கப் போறாவ?"

"உங்க அப்பா கூடப் பொறந்தவா?"

"ஒரு அத்த. மூணாவது பிரசவத்துல வலிப்பு வந்து போயிட்டா. ஆனா அவுகல்லாம் கட்டிக் குடுத்துப் போனவுகம்மா. வேற குடும்பம். அவுக சாமி வேற."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்து அவர்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"கல்யாணம் ஆனா சாமி மாறலாம். அப்பா அம்மா குடுத்து அனுப்பினது மாறாதே. நான் நினைக்கறது சரின்னா, இது குடும்பத்துல வர்ற ஒரு ஹார்மோன் வியாதி. ரொம்ப அபூர்வம். கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. உப்பை வெளியே விடாதேன்னு சொல்ற ஹார்மோன் அங்கேதான் சுரக்கும். உங்களுக்கு அது அடங்காம சுரக்கறது. நீங்க உப்பைத் தொடாட்டாலும் உள்ளே இருக்கறதை அது விடாது. பொட்டாசியத்தை வெளியே தள்ளும். பிரஷருக்குன்னு நீர் மாத்திரை வேற சாப்பிட்டிருக்கேள், அது இன்னும் கொஞ்சத்தைத் தள்ளிடுத்து. அதான் கால் மடங்கிடுத்து."

"அப்ப சாமிக்குத்தம் இல்லையா?"

"அதை நான் சொல்ல முடியாது. ஆனா மருந்து இருக்கு. ஒரு சின்ன மாத்திரை, ராத்திரி படுக்கறச்சே. இந்த வியாதியில ஒரு வகை அதுக்கு அப்படியே அடங்கிடும். உங்களோடது அந்த வகைதானான்னு ரத்தத்தை வெளியே அனுப்பிப் பாக்கணும். அப்புறம் உங்க பொண்ணையும் அக்கா பையனையும் கூட்டிண்டு வாங்கோ. இது ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். யாருக்கு இருக்கோ அவா குழந்தைகளுக்குப் பாதிக்குப் பாதி."

இவ்வளவு சொன்னதில், மருந்து இருக்கிறது என்பதுகூட பிரம்மநாயகத்தின் காதில் ஏறவில்லை.

"பொண்ணுக்குமாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று வீட்டில் யாரும் பாக்கெட் ஒட்டவில்லை. மழை தகரத்தில் விழுகிற சத்தத்துக்கு மேலே பேச வேண்டியிருந்ததால், ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இங்க பாருங்க. ஆவணி கழியட்டும். தாலி ஏறட்டும். அதுவரைக்கும் ஒருத்தர்ட்டயும் மூச்சு விடப்படாது," என்றாள் பேராச்சி.

"மகேசோட அப்பா, அத்தானுக்குத் தெரிஞ்சா?"

"எப்படித் தெரியும்? நீங்க சொன்னாத்தான. சீக்குப் புடிச்ச குடும்பம்னு ஒரு பேச்சு வந்துட்டா, அந்த அண்ணன் மட்டுமில்ல, வேற ஒரு பயலும் நம்ம படியேற மாட்டான். அவுக ஏற்கனவே நம்மகூட பட்டும்படாமத்தான் இருக்காவ. மகன் பிடிவாதம் புடிச்சான்னுதான் சரின்னாவ."

"அப்ப அந்தப் பயலுக்கும் பாக்கணும்னு டாக்டரம்மா சொல்லுதாவளே?"

"தாலி கட்டின மறுநாளு கூட்டிட்டுப் போவோம். ஒரு மாசத்துல என்ன வந்துரப் போவுது?"

வெளியே ஏணியில் பாதியில் நின்று எல்லாவற்றையும் கேட்ட மாரீஸ்வரி அப்படியே இறங்கி உள்ளே வந்தாள். செம்பூரிலிருந்து வந்தவள், துப்பட்டா நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது.

"ஒரு மாசத்துல என்ன வருமா? தாத்தாவுக்கு மூட்டைய எறக்கி வைக்கிற நேரத்துல வரலையா?"

"நீ மேல போ பிள்ள. பெரியவுக பேசுதோம்."

"பெரியவுக பேசித்தான் அத்தைய கணக்குலயே சேக்காம விட்டிய. யம்மா, எனக்கு இருந்தா மாத்திரை போடுவேன். மகேசு அத்தானுக்கு இருந்து, நாம தெரிஞ்சே வாய மூடிட்டு இருந்து, அவுகளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னு வையி. தாலிய வச்சு நான் என்ன பண்ண? சுரண்டித் திங்கவா?"

"வாயக் கழுவு."

"நீங்க சொல்லாட்டா நான் இப்பமே போன் போட்டுச் சொல்லுதேன். வேண்டாம்னு சொன்னா சொல்லட்டும்."

பிரம்மநாயகம் மகளையே பார்த்தார். இத்தனை நாளும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு லேசாகும். அன்றைக்கு அவள் நெற்றியைப் பார்க்கவே பயமாக இருந்தது. தலைவலி ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வாய் வரவில்லை. "போன்ல வேண்டாம். ஞாயித்துக்கெழம நேர்ல போவோம்," என்றார்.

போனார்கள். கூடவே பிரஷர் பார்க்கிற மெஷினையும் பிரம்மநாயகம் பையில் போட்டுக்கொண்டார். மகேஷ்குமாரின் அப்பா உச்சிமாகாளி லேத் பட்டறையில் ஃபிட்டர். மனைவி போனபிறகு மறுகல்யாணம் செய்யவில்லை. மகனை வளர்த்தார், சமைத்தார், வேலைக்குப் போனார். அதிகம் பேசமாட்டார். அன்று சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று சாளை மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தார். மைத்துனருக்கென்று ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்புப் போடாமல் தனியாக எடுத்து வைத்திருந்ததைப் பார்த்ததும் பிரம்மநாயகம் தட்டைத் தள்ளி வைத்தார்.

"மொதல்ல விசயத்தச் சொல்லிருதேன் அத்தான். கேட்டுட்டு சோறு போடுங்க, போடாமலும் இருங்க."

"என்ன மாப்ளே, பெரிய பீடிகையா இருக்கு?"

சொன்னார். டாக்டர் சொன்னதில் பாதியை மறந்து, மீதியை மாற்றி, மாரீஸ்வரி இடையிடையே திருத்தி, எப்படியோ சொல்லி முடித்தார். "இவளுக்கும் இருக்கலாம்னு சொல்லுதாவ. ஒங்ககிட்ட மறைச்சுக் கட்டிக் குடுக்கப்படாதுல்லா, அதான் வந்தோம். மகேசுக்கும் பாக்கணுமாம்."

"எனக்கு என்ன மாமா? நான் ஃபிட்டா இருக்கேன்," என்று சிரித்தான் மகேஷ்குமார். மாரீஸ்வரி பதில் சொல்லாமல் மெஷினின் பட்டையை அவன் கையில் சுற்றினாள். எதிர்ப்பு இல்லாமல் கையை நீட்டியதில் அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

மெஷின் காற்றடித்து, நின்று, முனகி, எண்ணைக் காட்டியது. நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து.

"பேட்டரி வீக்கா இருக்கும்," என்றான்.

மாரீஸ்வரி தன் கையில் கட்டிப் பார்த்தாள். நூற்றுப் பத்துக்கு எழுபது. மறுபடியும் அவன் கையில். எண் இறங்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வீட்டு டிவியில் ஒரு மராத்தி சீரியலில் யாரோ ஓயாமல் அழுதுகொண்டிருந்தார்கள்.

உச்சிமாகாளி மகனைப் பார்க்கவில்லை. பிரம்மநாயகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப அவ வழுக்கி விழலையா மாப்ளே?"

"யாரு?"

"இசக்கி."

பிரம்மநாயகம் தரையைப் பார்த்துச் சொன்னார். "தலைக்குள்ள ரத்தம் வெடிச்சு, அதுலதான் விழுந்திருப்பாளோன்னு டாக்டரம்மா சந்தேகப்படுதாவ. பாசில வழுக்கினது இல்லன்னு..."

"பாசியத் தேய்க்கக்கூட ஆளில்லாத வீட்டுலயா எங்க அக்காவக் குடுத்தோம்னு அவ போன அன்னைக்கு நீங்கல்லாம் கேட்டிய," என்றார் உச்சிமாகாளி. குரலில் கோபம் இல்லை. "இந்தா, இந்த எடத்துலதான் அவளக் கெடத்தியிருந்துச்சு. மொத நாளு அவ சொன்னா, பாத்ரூமு வழுக்குது, செத்த தேய்ச்சு விடுங்கன்னு. ஓவர்டைம் பாத்துட்டு வந்த அலுப்பு. நாளைக்குப் பாப்போம்னேன். நாளைக்கு அவ இல்ல. அதுக்குப் பெறவு வெள்ளன எந்திரிச்சு நான் மொதல்ல செய்யுத வேல அதத் தேய்க்கிறதுதான். காய்ச்சலா இருந்தாலும் தேய்ப்பேன். தேய்ச்சு என்னத்துக்கு? ஆனா தேய்க்காம இருக்க முடியல."

பேராச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிரம்மநாயகம் தரையில் நகர்ந்து போய் அத்தானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மன்னிப்பு கேட்கத்தான் நினைத்தார். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. இரண்டு பெரிய ஆம்பிளைகளும் மீன்குழம்பு ஆறிக்கொண்டிருக்க அழுதார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உச்சிமாகாளிதான் முதலில் பேசினார். "சரி. இப்ப நான் கேக்கேன், நீ சொல்லு. சீக்கு எம்மகனுக்குத்தான் இருக்கும்போல. ஒம்மக நல்லாருக்கா. பொண்ணு குடுப்பியா?"

அத்தானிடம் கேட்கப் பயந்து வந்த கேள்வி தன் மடியில் வந்து விழும் என்று பிரம்மநாயகம் நினைக்கவேயில்லை. திகைத்துப்போய் மகளைப் பார்த்தார்.

"நான் அத்தானத்தான் கட்டிக்கிடப் போறேன் மாமா, அவுக பிபிய இல்ல," என்றாள் மாரீஸ்வரி. "அது இருந்துட்டுப் போவுது. மாத்திரை இருக்குல்லா?"

"இசக்கி மகனுக்குக் குடுக்காம வேற எவனுக்குக் குடுக்கப் போறேன்?" என்றார் பிரம்மநாயகம்.

"அப்ப சாப்பிடுங்க. ஆவணி வேண்டாம், ரிசல்ட்டு வரட்டும். தையில வச்சுக்கிடுவோம்," என்று உச்சிமாகாளி குழம்பைச் சூடு பண்ண எழுந்தார்.

ரத்தத்தை எங்கோ அனுப்பினார்கள். பதில் வருவதற்குள் மழை நின்று, தீபாவளிச் சரக்குக்கு எண்ணெய் டின்கள் வாசல்வரை அடுக்கப்பட்டுவிட்டன. இதற்கிடையில் பிரம்மநாயகத்துக்கு டாக்டர் அந்தச் சின்ன மாத்திரையை ஆரம்பித்திருந்தார். அரிசி மணியளவு இருந்ததைப் பார்த்து, இது எங்கே கேட்கப்போகிறது என்றுதான் விழுங்கினார். சில வாரத்தில் பிரஷர் நூற்று முப்பதுக்கு வந்தது. பேராச்சி நம்பாமல் மெஷினைத் தன் கையிலும் தௌஃபீக் கையிலும் கட்டிப் பார்த்தாள். பிறகுதான் நம்பினாள். "இவ்வளவுதானா?" என்று, முப்பத்தெட்டில் போன தமிழ்செல்வனை நினைத்து அழுதாள். ஊருக்குப் போன் போட்டு, கட்டிக்கொடுத்த பெண்கள், அவர்கள் பிள்ளைகள் என்று ஒருவர் விடாமல் பிரஷர் பார்க்கச் சொன்னாள். எங்களையும் சீக்குக்காரி ஆக்குகிறாயா என்று போனிலேயே வசவுகளையும் வாங்கிக்கொண்டாள்.

முடிவு வந்த அன்று எல்லோரும் டாக்டர் ஷ்யாமளா முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மாரீஸ்வரிக்கு இல்லை. மகேஷ்குமாருக்கு இருக்கிறது. அவன் தலையை ஸ்கேன் எடுத்ததில் ஒரு பழுதும் இல்லை.

"நல்ல நேரத்துல பிடிச்சுட்டோம். மாமாவோட மாத்திரையே இவருக்கும் போரும். குழந்தை பொறந்தா சின்ன வயசுலயே பாத்துடலாம். பயப்பட ஒண்ணுமில்லை," என்றார்.

உச்சிமாகாளி எழுந்து நின்றார். டாக்டரிடம் உட்கார்ந்துகொண்டு கேட்க அவருக்கு வரவில்லை.

"எனக்குப் பிரஷர் கிடையாது. பாத்துட்டிய. அப்ப இவனுக்கு இது எங்க இருந்தும்மா வந்துச்சு?"

"அம்மாகிட்டேர்ந்துதான். வேற வழியே இல்லை."

"அப்ப அவளுக்கும் இருந்திருக்கு."

"நிச்சயமா இருந்திருக்கு. அன்னிக்குக் காலம்பற என்ன நடந்ததுன்னு நான் பாக்கலை. ஆனா அந்த வயசு, அந்தத் தலைவலி, இந்த வியாதி எல்லாம் சேர்த்துப் பாத்தா, பாத்ரூம்ல பாசி இருந்ததோ இல்லையோ, அதனால அவா போகலைன்னுதான் நான் சொல்லுவேன்."

அவர் சரி என்று தலையாட்டினார்.

கல்யாணத் துணிமணி பற்றிப் பேச விக்ரோலிக்கே போகலாம் என்று எல்லோரும் சயானில் ஸ்லோ ட்ரெயின் ஏறினார்கள். மத்தியானம் என்பதால் உட்கார இடம் கிடைத்தது. குர்லா தாண்டும்வரை உச்சிமாகாளி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் கேட்காமல், மகனிடம் சொல்ல ஆரம்பித்தார்.

"ஒங்கம்மாவுக்கு ட்ரெயின்ல ஏறவும் பயம், எறங்கவும் பயம்ல. கல்யாணமாகி வந்த புதுசுல, இதே லைன்ல, வண்டி நின்னும் எறங்க மாட்டேன்னுட்டா. நான் பிளாட்பாரத்துல நிக்கேன், அவ உள்ள நிக்கா. வண்டி போயிருச்சு..."

மகேஷ்குமார் அப்பாவின் முகத்தையே பார்த்தான். அம்மாவைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசி அவன் கேட்டதில்லை.

"பெறவு?" என்றான்.

"பெறவு என்ன, அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி, ஒரு மராத்திக்காரிகிட்ட தமிழ்லயே அழுது, அந்தப் பொம்பள கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து எங்கிட்ட ஒப்படைச்சா. எனக்கு ஒரே ஏச்சு. நல்லா ஏசுவா ஒங்கம்மா. ஏசிட்டு அவளே சிரிச்சிருவா. சிரிச்சா நிப்பாட்டத் தெரியாது அவளுக்கு. வலிக்குதுன்னு வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிப்பா..."

"ஆமா ஆமா," என்று பிரம்மநாயகமும் சேர்ந்துகொண்டார். "ஒருக்க எங்கப்பா வேட்டிய..." என்று அவர் தொடங்க, பேராச்சி இடைமறிக்க, மாரீஸ்வரி அதற்குள்ளேயே சிரித்துவிட, கதைமேல் கதையாக வந்துகொண்டே இருந்தது. காட்கோபர் போனது. விக்ரோலி வந்து நின்று அதுவும் போனது. அடுத்த ஸ்டேஷனான காஞ்சூர்மார்க்கில் கூட்டம் ஏறியபோதுதான் பேராச்சி ஜன்னலுக்கு வெளியே எட்டிப்பார்த்தாள். பார்த்தும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. உச்சிமாகாளி இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.